பயறு ஆகாது என்று சொன்னவள்

மண்ணூர்,
17.7.2011

அன்புள்ள பூமாரி மதினிக்கு,

சொர்ணம் எழுதுகிறேன். இங்கே நான், என் மகள் செல்வி, உங்கள் மகள் லேகா மூவரும் சுகம். அண்ணனுக்கு இருமல் விட்டதா? ஆலைத் தூசியில் நிற்கும்போது வாயில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொன்னால் கொம்பையா அண்ணன் கேட்க மாட்டார், நீங்களே சொல்வதாகச் சொல்லுங்கள்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் காசிராஜன் கடையில் வந்து நின்று பேச வேண்டும். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் நம் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். இங்கேயும் அப்படித்தான். எந்த நேரமும் பத்துப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். இப்போது மத்தியான ஷிப்டுக்குப் பஸ் போய்விட்டது. மெஸ்ஸில் நானும் பூனையும்தான்.

லேகா வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை என்னவென்று கேட்டு எழுதியிருந்தீர்கள். காருக்குள்ளே ஓடுகிற வயர்களை ஒரு பலகைமேல் வரிசையாக விரித்து, முனையில் கிளிப்பை அமுக்கி, கட்டாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலை. பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். செல்வி மூன்று வருஷமாக இதைத்தான் செய்கிறாள். லேகாவுக்கும் நன்றாகப் பழகிவிட்டது. சூப்பர்வைசர் அவளை ‘பாஸ்ட்’ என்று சொல்கிறாராம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். பாதிப் பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். அதனால் மத்தியானம் பருப்பு, இரவுக்குத் தட்டாம்பயறோ மொச்சையோ போட்டு ஒரு குழம்பு, சாயந்தரம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று ஏதாவது ஒரு பயறு எல்லா நாளும் உண்டு. இந்த ஊரில் தட்டாம்பயற்றைக் காராமணி என்கிறார்கள், காணத்தைக் கொள்ளு என்கிறார்கள். முதலில் கடைக்காரரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். லேகாவுக்குத் தட்டாம்பயற்றுக் குழம்பு என்றால் இரண்டாம் தடவை தட்டோடு வந்து நிற்பாள்.

மெஸ்ஸும் ஹாஸ்டலும் பாண்டுரங்கன் என்பவருடையது. இந்த ஊர்க்காரர். நெல் போட்ட நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய், மிஞ்சிய துண்டில் இதைக் கட்டியிருக்கிறார். கிணற்றை மூடி அதன்மேல்தான் பாத்திரம் கழுவுகிற மேடை போட்டிருக்கிறது. நல்ல மனிதர். பின்பக்கம் எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார். கம்பெனி ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் மெஸ், மெஸ் இருக்கிற வரைக்கும் என் அறை.

ஒரு விஷயம். லேகாவுக்குக் காலையில் எழுந்தால் விரல் கணுக்கள் கொஞ்சம் வீங்கியிருக்கின்றன. “அத்த, கை மடங்க மாட்டேங்கு” என்று சொல்லிக்கொண்டு வருவாள். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடுகிறது. அவளுக்கு மட்டும் இல்லை, இன்னும் பத்துப் பேருக்கு இருக்கிறது. கம்பெனியிலிருந்து எச்.ஆர். ஆபீசர் ஒருவர் மெஸ்ஸுக்கே வந்து விசாரித்தார். சின்ன வயசுதான். நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னென்ன சமைக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “எங்க ஊர்ல கைகால் வீங்கினா பயறு ஆகாதும்பாங்க சார், வாயு” என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே அதை எழுதிக்கொண்டார். என் பெயரையும் கேட்டு எழுதினார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆபீசர் என்னிடம் வந்து அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை, மதினி.

லேகாவைப் பற்றி யோசிக்காமல் இருங்கள். நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
சொர்ணம்

•

மண்ணூர்,
9.10.2011

அன்புள்ள மதினிக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் லேகா கோவில்பட்டியில் வந்து இறங்குவாள். தென்காசிப் பிள்ளை ஒருத்தியும் அதே ரயிலில் வருகிறாள். அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். பெட்டியை அவளைத் தூக்க விடவேண்டாம்.

பயந்துவிடாதீர்கள். கை வீக்கம் இருக்கிற பயிற்சிப் பெண்களை எல்லாம் கம்பெனி கொஞ்ச நாளைக்கு ஊருக்கு அனுப்புகிறது. பதினொரு பேர் போகிறார்கள். சரியானதும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கூப்பிடுவோம் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

ஆகஸ்டு மாதத்திலிருந்து மெஸ்ஸில் பயறு பருப்பு எதுவும் கிடையாது. கம்பெனியிலிருந்து அப்படி உத்தரவு. ரசம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மறுபடி ரசம். பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். சுண்டல் கேட்டு வருகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சமையல்கட்டில் நின்றுகொண்டு இல்லை, இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா.

லேகாவின் கை குறையவில்லை. இரண்டு மணிக்கட்டிலும் வந்துவிட்டது. குழாயைத் திருக முடியவில்லை. ஒரு மாதமாக நான்தான் தலை பின்னிவிடுகிறேன். அவளுக்கு அதில் கூச்சம். மற்ற பிள்ளைகள் பார்க்கும் முன்னால், விடியக்காலையிலேயே சீப்போடு என் அறைக்கு வந்துவிடுவாள். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது நீங்களே பார்க்கப்போகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் பெரிதாக இல்லை. வாயுதான். ஓய்வாக இருந்தால் போதும். பயறு பருப்பைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். அவ்வளவுதான்.

அவளிடம் கம்பெனியைப் பற்றி எதையும் கிளறிக் கேட்காதீர்கள். பாவம், சின்னப்பிள்ளை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

செல்வியின் பெயர் நிரந்தர லிஸ்டில் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். இன்னும் கையில் வரவில்லை. லேகாவை அனுப்புகிறோமே என்று அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான் என்று எழுத வந்தேன். எனக்கென்ன, சமைக்கிறவளுக்குப் பசி தெரியாது.

அண்ணனுக்குத் தனியாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சொர்ணம்

•

மண்ணூர்,
18.12.2011

மதினிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. திட்டி எழுதியிருப்பீர்கள் என்று நினைத்து, அடுப்பு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் பிரித்தேன். நீங்கள் எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறீர்கள்.

‘சொர்ணம், நீ சொன்னபடி வீட்டில் பயறு வாசனையே இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். உளுந்துகூட ஆகாதென்று இட்லியையும் நிறுத்திவிட்டேன். கஞ்சியும் மோரும்தான் கொடுக்கிறேன். ஆனாலும் பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாள், சீப்பைப் பிடிக்க முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது போல் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.’

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எட்டு நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது காகிதத்தில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நடுவில் நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் லேகாவுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியைப் பற்றி நான் எழுதியது பொய்.

செப்டம்பர் கடைசியில் முதல் தடவை லேகாவும் நானும் போனோம். ரத்தம் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். ஒரு டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். “இந்தக் கைய வெச்சுக்கினு வேலைக்கா?” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது வாயு இல்லையாம். மூட்டுக்குள்ளே இருக்கிற சவ்வு அழற்சியாகி வீங்கும் நோயாம். உடம்பே தன் மூட்டைத் தானே பகைத்துக்கொள்வது மாதிரி என்று சொன்னார். கையை ஓயாமல் வேலை வாங்கினால் வலியும் வீக்கமும் ஏறிக்கொண்டே போகும். மாத்திரையை உடனே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் விரல் கோணிவிடும், பிறகு நிமிர்த்துவது கஷ்டம் என்றார்.

பயறு சாப்பிட்டதால்தானே அம்மா என்று நான் கேட்டேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?” என்றார். நான்தான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வேன்? யூரிக் ஆசிட் என்று ஒன்று இருக்கிறதாம், அது கூடினால் சிலபேரைப் பருப்பைக் குறைக்கச் சொல்வது உண்டாம். லேகாவுக்கு அது சரியான அளவில் இருக்கிறது. “நல்லா சாப்டட்டும். பயறுல கீற நார்ச்சத்து வயித்துக்குள்ள போய் நல்லதுதான் பண்ணும். அழற்சிய அடக்க அது ஒத்தாசைம்மா, எதிரி இல்ல. ஆனா பயறு மருந்தாவாது, மாத்திரைய வுட்றக் கூடாது” என்று தெளிவாகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நேராக வந்து லேகாவிடம் கொடுப்பதாகத்தான் வந்தேன், மதினி. இதை மட்டும் நம்புங்கள்.

மெஸ் வாசலில் பாண்டுரங்கனும் அந்த எச்.ஆர். ஆபீசரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். டைப் அடித்த காகிதம் ஒன்று. அதன் முதல் வரி நான் ஜூலையில் சொன்னதேதான். கைகால் வீங்கினால் பயறு ஆகாது என்று சமையல்காரர் சொர்ணம்மாள் தெரிவித்தார். அதற்குக் கீழே நான் சொல்லாதவை. மெஸ்ஸில் கெட்டுப்போன பழைய பயறு வாரத்தில் ஆறு நாள் போடப்பட்டது, வேலை தொடங்கும் முன்பே பெண்களுக்கு வீக்கம் இருந்தது, வேலைக்கும் வீக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. பயற்றில் ஒரு வண்டு கிடந்தால்கூட ஒரு படியையே கொட்டுகிறவள் நான்.

பிள்ளைகளின் கை வீக்கத்துக்கு வேலைதான் காரணம் என்று லேபர் ஆபீசில் யாரோ மனுக் கொடுத்துவிட்டார்களாம். நாளைக்கே காகிதம் போக வேண்டுமாம். ஆபீசர் சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். “உங்க பொண்ணு செல்வலட்சுமி பர்மனென்ட் லிஸ்ட்ல இருக்காங்க இல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

பாண்டுரங்கன்தான் பேசினார். “இன்னாம்மா சொர்ணம், நானா ஆசைப்பட்டு கேக்கறேன்? ஒப்பந்தம் பூட்ச்சின்னா இந்த வூடும் பூடும். நிலத்த குட்த்துட்டு இதாண்ட வந்து நிக்கறேன், இனிமே எங்க போறது? உன்னோட எட்டு பேரு இங்க அடுப்பாண்ட கீறாங்க. ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு போ” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் மிரட்டியிருந்தால் நான் ஒருவேளை மறுத்திருப்பேன்.

டாக்டரம்மாவின் சீட்டு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகு சீட்டை எப்படிக் காட்டுவது? காட்டினால் கையெழுத்துப் பொய்யாகும். கையெழுத்துப் பொய்யானால் செல்வி, பாண்டுரங்கன், மெஸ், எல்லாம் போகும். ராத்திரி லேகா சாப்பிட வந்து, “டாக்டர் என்ன சொன்னாவ அத்த?” என்று கேட்டாள். வாயுதானாம், இன்னும் கொஞ்ச நாளைக்குப் பயறு ஆகாதாம் என்றேன். “நல்லவேள” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஊருக்குப் போய் ஓய்வாக இருந்தால் தானாகவே சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நம் பிள்ளை நம் வீட்டுக்குத்தானே போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஸ்ஸில் இப்போதும் பயறு கிடையாது. இந்த வாரம் இன்னும் நான்கு பிள்ளைகள் வீங்கின கையோடு வெந்நீர் கேட்டு வந்தார்கள். பயறு நின்று நான்கு மாதம் ஆகிறது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிற்கும்போது ஆபீசர் இறங்குகிறாரா என்றுதான் பார்க்கிறேன். போய்விடலாம் என்றால், எங்கே போவேன்? ஊருக்கு வந்து உங்கள் முகத்தில் முழிக்கவா?

செல்விக்கு நிரந்தர ஆர்டர் டிசம்பர் முதல் தேதி வந்தது. ஸ்வீட் வாங்கி வந்து முதலில் என் வாயில்தான் போட்டாள். உங்கள் கடிதம் வந்த அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்று சொன்னேன். “என்னக் கேட்டியாம்மா நீ?” என்றாள் அவள். “எம் பேரச் சொல்லி செஞ்சத எந்தலையில வைக்காத” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் மெஸ்ஸில் சாப்பிடவில்லை. நேற்று வந்து, சீட்டு எங்கே, எடு என்றாள். இந்தக் கவரில் முகவரியை எழுதியிருப்பது அவள்தான்.

இதற்குள் மூன்று காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று டாக்டரம்மாவின் சீட்டு. இன்னொன்று ரத்த ரிப்போர்ட். இரண்டையும் எடுத்துக்கொண்டு, இது கையில் கிடைத்த மறுநாளே லேகாவைப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மூட்டு நோய்க்கென்று தனி டாக்டர் இருப்பார், அவரிடம் காட்டுங்கள். இரண்டு மாதம் என்னால் வீணாகிவிட்டது. இன்னும் ஒரு நாளும் வீணாக வேண்டாம். அந்த டாக்டரிடம் பயற்றைப் பற்றி நீங்களே உங்கள் வாயால் கேளுங்கள். என் பேச்சை நம்பிச் செய்ய வேண்டாம்.

அவர் சரி என்று சொன்னதும் பிள்ளைக்குக் கஞ்சியை நிறுத்துங்கள். சிறுபயறு, தட்டாம்பயறு, காணம், எதுவானாலும் முதல்நாளே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். பல நாள் சாப்பிடாத வயிறு, முதலில் ஒரு கரண்டி போதும். இட்லியைத் திரும்ப ஊற்றுங்கள். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு. இதைச் சொல்வதற்கு எனக்கு வாய் இல்லை என்று தெரியும். ஆனாலும் சமைக்கிறவள், இதைத்தான் சொல்லத் தெரியும்.

மூன்றாவது காகிதம் நான் என் கையால் எழுதியது. கம்பெனிக் காகிதத்தில் நான் போட்ட கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது, என் மெஸ்ஸில் என்ன சமைத்தேன், லேகாவின் கை எப்போது வீங்க ஆரம்பித்தது, எல்லாம் தேதியோடு எழுதியிருக்கிறேன். கீழே என் முழுப்பெயர் இருக்கிறது. செல்வி சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே பேனாவை வாங்கிப் போட்டாள். அதை அண்ணனிடம் கொடுங்கள். லேபர் ஆபீசில் கொடுப்பதானால் கொடுக்கட்டும். மற்ற பத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கும் காட்டட்டும். எங்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டாம். கேட்டால் நான் மறுபடி பயந்துவிடுவேன், மதினி. என்னை எனக்குத் தெரிந்துவிட்டது.

லேகாவிடம் இதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள். அவள் முன்னால் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் விரல்கள் நீண்டு நேராக இருக்க வேண்டும். தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டும். அதற்காக நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதினால் உங்களுக்குக் கோபம்தான் வரும். ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் இதற்குப் பதில் எழுத வேண்டாம். லேகாவால் என்றைக்குப் பேனாவைப் பிடிக்க முடிகிறதோ, அன்றைக்கு அவள் கையால் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என்னை எப்படித் திட்டி எழுதினாலும் சரி.

இங்ஙனம்,
உங்கள் நாத்தனார்
சொர்ணம்மாள்